துபாய்க்கு நாலு மணிக்கூர், பாலராமபுரத்துக்கு?

வீட்டுக்காரருக்குத் துபாயில் வேலை. டிக்கெட் வந்தால் எங்கள் மாமியார் முதலில் பார்ப்பது விலையை அல்ல, நேரத்தை. காலை 4 மணிக்குத் திருவனந்தபுரத்தில் ஏறினால் 6.30-க்குத் துபாய். திரும்பும்போது இரவு 10 மணிக்கு ஏறினால் இங்கே இறங்க விடிகாலை 3.20 ஆகும். “போறதுக்கு ரெண்டரை மணிக்கூர், வாறதுக்கு அஞ்சு மணிக்கூருக்கு மேலயா மக்களே? சுத்தியா கொண்டுட்டு வாறானுவ?”

சுற்றெல்லாம் இல்லை. டிக்கெட்டில் புறப்படுவதும் சேர்வதும் அந்தந்த ஊர் நேரம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். போகும்போது அதைக் கூட்டி, வரும்போது கழித்தால், போக 4 மணி நேரம், வர 3 மணி 50 நிமிடம். அதாவது அத்தை நினைப்பதற்கு நேர்மாறு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, முக்கியமாகக் குளிர்காலத்தில், வரும் விமானத்தைத் தள்ளிவிடும். போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று.

தூரம் நேர்கோட்டில் சுமார் 2,950 கிலோமீட்டர். நாகர்கோவிலில் சாயங்காலம் ரயிலேறினால் சென்னை எழும்பூர் போய்ச்சேர மறுநாள் காலை ஆகிவிடும். அந்த நேரத்துக்குள் அவர் துபாய்க்குப் போய்த் திரும்பியே வந்துவிடலாம்.

ஆனால் அது விமானத்தில் உட்கார்ந்த பிறகு உள்ள கணக்கு. எங்கள் ஊர் தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டக்காரர்களான நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், விமான நிலையம் கேரளத்தில் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் எல்லாம் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். களியக்காவிளை தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஊர்ந்து பாலராமபுரம் முக்கில் மாட்டினோம் என்றால் அவ்வளவுதான். டிரைவர் அண்ணன் இஞ்சினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். பின்சீட்டில் அத்தை மடியில் ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலம், முகத்தில் கலக்கம். மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். நாங்கள் இன்னும் மூன்று மணி நேரம் முன்னால் வீட்டை விட்டு இறங்குவோம்.

இதே வழியில்தான் நவராத்திரிக்கு வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பத்மநாபபுரம் சரஸ்வதியும், மூன்று சாமிகளும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு, மூன்றாம் நாள் ஊர் சேர்வார்கள். அவர்களுக்கு விமானம் பிடிக்கிற அவசரம் இல்லை.

சாமி என்றதும் இன்னொன்று. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம், அதாவது சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஊர்வலம், விமான நிலைய ஓடுபாதை வழியாகத்தான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். பங்குனியிலும் ஐப்பசியிலும் அந்தச் சாயங்காலம் சில மணி நேரம் விமானம் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது, நேரத்தை மாற்றிவிடுவார்கள். ஐப்பசியில் ஊருக்கு வரும் எண்ணம் இருந்தால், டிக்கெட் போடும் முன்னால் ஆறாட்டு என்றைக்கு என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.