மாரிக்காலமும் ஈஎஸ்பிஎல் பரிசோதனையும்

மட்டக்களப்பில் மாரி தொடங்கினால் ஆய்வுகூடத்துச் சுவரும் வியர்க்கும். அந்த ஈரம் முதலில் கெடுப்பது அன்ரிபயோட்டிக் டிஸ்க்கை, அதாவது மருந்து ஊறிய சிறு தாள் வட்டை. 2–8 பாகைக் குளிரில் இருந்த டிஸ்க்கை எடுத்த கையோடு திறந்தால் அதில் நீர் படிந்து மருந்து சிதையும். சில டிஸ்க்கில் சேர்ந்திருக்கும் கிளவுலானிக் அமிலம் இன்னும் சீக்கிரம் போய்விடும். மூடியைத் திறக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும்.

ஈ. கோலி, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளில் சிடிஎக்ஸ்-எம் பரம்பரையலகு இருந்தால், செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகளை வெட்டும் ஈஎஸ்பிஎல் என்ற நொதியம் சுரக்கும். கிளவுலானிக் அமிலம் அந்த நொதியத்தை முடக்கும். பரிசோதனை இதை நம்பித்தான் நடக்கிறது.

கிருமியை 0.5 மக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுக்குக் கரைத்து, 15 நிமிடத்துக்குள் மூலர்-ஹின்டன் ஏகார் என்ற வளர்ப்புத் தட்டில் பூசுங்கள். ஏகார் 4 மில்லிமீற்றர் தடிப்பு. தடித்தால் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் சுருங்கும், மெலிந்தால் விரியும். நடுவில் கிளவுலானிக் அமிலம் சேர்ந்த அமொக்சி-கிளவ் டிஸ்க், இரு பக்கமும் நடுவுக்கு நடு 20 மில்லிமீற்றர் தள்ளி 30 மைக்ரோகிராம் செஃபோடாக்சைம், செஃப்டாசிடைம். 35 பாகையில் 16–18 மணி நேரம். மறுநாள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், செஃபோடாக்சைம் வட்டம் அமொக்சி-கிளவ் பக்கமாகப் பிதுங்கி, திறப்பு போடும் ஓட்டை மாதிரித் தெரியும். அதுதான் ஈஎஸ்பிஎல்.

பிதுக்கம் இல்லை என்று உடனே எழுதிவிட வேண்டாம். எதிர்ப்பு கடுமையான கிருமியில் 20 மில்லிமீற்றர் தூரமே அதிகம். 15-க்குக் கிட்டவாக்கித் திரும்பப் போடுங்கள். கிளவுலானிக் அமிலத்துக்கு அடங்காத ஆம்ப்-சி நொதியமும் சேர்ந்திருந்தால் அது பிதுக்கத்தை மறைக்கும், அப்போது செஃபிபைம் டிஸ்க் கைகொடுக்கும். ஈஎஸ்பிஎல் உண்டென்று தெரிந்த கிளெப்சியெல்லா ஏடிசிசி 700603 கிருமியைப் பூசிய கட்டுப்பாட்டுத் தட்டிலும் பிதுக்கம் வராவிட்டால் பிழை டிஸ்க்கிலோ பரிசோதனையின் வேறு படியிலோ இருக்கும். அன்றைய முடிவுகளை வாட்டுக்கு அனுப்பக் கூடாது.

கெட்ட செஃபோடாக்சைம் டிஸ்க் சின்ன வட்டமே தரும். மருந்துக்குப் படியும் கிருமி படியாததாகத் தெரியும், நோயாளிக்குத் தேவையில்லாமல் மெரோபெனம் ஏறும். மெரோபெனம் ஏற ஏற என்டிஎம் போன்ற பரம்பரையலகு உள்ள கிருமிகளுக்குத்தான் இடம் கிடைக்கிறது. என்டிஎம் துத்தநாகத்தோடு இயங்கும் நொதியம்; கிளவுலானிக் அமிலம் அதைத் தொடவே தொடாது.

ஈஎஸ்பிஎல் என்ற சொல் அறிக்கையில் இருக்க வேண்டும். சிடிஎக்ஸ்-எம் இருக்கும் பிளாஸ்மிட்டிலேயே (கிருமிக்குள் தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம்) ஜென்டமைசின் எதிர்ப்பும் அடிக்கடி சேர்ந்து வரும்; கிருமியிலிருந்து கிருமிக்கு அது முழுதாகத் தாவும். கதீற்றர் பையின் சிறுநீரை அளக்கும் ஒரே ஜக்கைக் கட்டிலுக்குக் கட்டில் கொண்டுபோனால் கிருமியும் கூடவே போகும். அறிக்கையைப் பார்த்ததும் அந்த நோயாளிக்குத் தனி ஜக் வையுங்கள், அதில் கட்டில் இலக்கத்தை எழுதி.