எது யாரிடம் நிற்கிறது: உள்ளூர் எஸ்.இ.ஓ. வாடிக்கையாளர்களும் என் ஏ.ஐ. உதவியாளரும்

கோயம்புத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சிறு வணிகங்கள் கூகுள் மேப் தேடலில் கண்ணில் படும்படி பார்த்துக்கொள்வது, அதாவது உள்ளூர் எஸ்.இ.ஓ., என் தொழில். பல் மருத்துவமனை, பம்ப் சர்வீஸ் கடை, கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை என்று இருபது சொச்சம் வாடிக்கையாளர்கள். தனித்தனியே பார்த்தால் இவர்களில் யாருடைய வேலையும் பெரிய வித்தை அல்ல. ஆனால் ஒருவர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்புகிறார், இன்னொருவர் தன் மகன் மூலம் சொல்லி அனுப்புகிறார், மூன்றாமவர் வேறு எதற்கோ போனில் பேசும்போது போகிறபோக்கில் ஒரு மாற்றத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். இவை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பதுதான் கடினம். அந்த வேலைக்குத்தான் ஏ.ஐ. உதவியாளரை வைத்திருக்கிறேன், ரேங்க் ஏற்றுவதற்கு அல்ல.

நினைவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் (மேப்பில் கடையின் பெயர், நேரம், எண் எல்லாம் தெரிகிற பக்கம்) ஒருமுறை நிரப்பிவிட்டால் அப்படியே நிற்கிற பொருள் அல்ல. வழியே போகிற எவரும் அதில் திருத்தம் பரிந்துரைக்கலாம். கூகுளும் வேறு இடங்களிலிருந்து கிடைக்கிற தகவலைக் கொண்டு நேரத்தையோ தொலைபேசி எண்ணையோ மாற்றிவிடலாம். அப்படி மாறியிருக்கும்போது, சரியான தகவல் எது, அதைக் கடைசியாக எப்போது, யார் சொல்லி வைத்தோம் என்பதற்குக் கையில் பதிவு இருக்க வேண்டும். ஆர்.எஸ்.புரத்தில் உள்ள ஒரு கிளினிக்கின் முகவரி ஓரிடத்தில் டி.பி. ரோடு என்றும், இன்னோரிடத்தில் திவான் பகதூர் சாலை என்றும், ஜஸ்ட்டயலில் பழைய லேண்ட்லைன் எண்ணோடும் கிடந்தது. போதாக்குறைக்கு, கூகுள் இலவசமாகத் தந்துவந்த வலைத்தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது; ஆனாலும் அந்த வலைத்தள முகவரியை விசிட்டிங் கார்டில் இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கிற கடைகள் உண்டு. (கூகுள் மை பிசினஸ் என்ற பழைய பெயர் 2021 நவம்பரிலேயே பிசினஸ் ப்ரொஃபைல் என்று மாறிவிட்டாலும் எல்லோரும் இன்னமும் ஜி.எம்.பி. என்றுதான் சொல்கிறார்கள், நானும் அவர்களிடம் அப்படியே பேசுகிறேன்.)

என் ஏற்பாடு மிக எளிமையானது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பதிவிலும் தேதி, சொன்னவர், பழைய தகவல், புதிய தகவல் ஆகியவற்றோடு கடைசியாக ஒரு கட்டம் இருக்கும்: இது இப்போது யாரிடம் நிற்கிறது? என்னிடமா, வாடிக்கையாளரிடமா, கூகுளிடமா என்ற மூன்றில் ஒன்றுதான் அதற்கு விடை. முடிந்தது, முடியவில்லை என்று மட்டும் குறித்துக்கொண்டிருந்த காலத்தில் முடியாத வேலைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று; அதில் என் கை படவேண்டியது எது என்று தெரியாது. கடை உண்மையானதுதான் என்று கூகுளுக்குக் காட்டும் வீடியோ வெரிஃபிகேஷனை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும், கடையின் போர்டைப் புதிதாகப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் ஒன்றல்ல. முன்னதற்குப் பொறுமை வேண்டும், பின்னதற்கு ஒரு போன் போட வேண்டும்.

உதவியாளரிடம் இந்த ஃபைல்களைக் கொடுத்து வைத்திருக்கிறேன். வருகிற செய்தியை வந்தபடியே அதனிடம் ஒட்டினால், அது பதிவாக மாற்றித் தருகிறது. நான் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் ஃபைலில் ஏறும். பல் மருத்துவர் ஒருவரின் வாய்ஸ் நோட் எழுத்தாக மாறியபோது இப்படி இருந்தது: "தம்பி, அடுத்த வாரம் புதன் வியாழன் கிளினிக் இல்லைங்க. அப்புறம் ரூட் கெனாலுக்குத் தனியா ஒரு டாக்டர் வர்றாங்க, அதையும் போட்டுருங்க." இதிலிருந்து உதவியாளர் இரண்டு பதிவுகள் எடுத்தது. முதலாவது, அந்த இரு நாளுக்கும் ப்ரொஃபைலின் சிறப்பு நேரம் என்ற பகுதியில் விடுமுறை என்று வைப்பது. அது என்னிடம் நிற்கிறது. இரண்டாவது, சேவைகளில் ரூட் கெனாலைச் சேர்ப்பது. அந்த டாக்டர் எந்தெந்த நாளில் வருவார் என்று கேட்க வேண்டியிருப்பதால் அது வாடிக்கையாளரிடம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒருவர் அடுத்த வாரம் என்று சொன்னால் அது நாளை தொடங்குகிற வாரமா, அதற்கடுத்ததா என்பது சொன்னவருக்கே தெளிவாக இருப்பதில்லை. ஆகவே இப்படிப்பட்ட சொல் எங்கே வந்தாலும் தேதியாக மாற்றி எழுதி, பக்கத்தில் உறுதி செய்க என்று குறிக்கும்படி சொல்லி வைத்திருக்கிறேன். மருத்துவரிடம் அந்தத் தேதிகளை அனுப்பி, அவர் ஆமாம் என்ற பிறகே ப்ரொஃபைலைத் தொட்டேன்.

திங்கட்கிழமை காலையில் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எது யாரிடம் நிற்கிறது, எத்தனை நாளாக? வருகிற பட்டியலில் வாடிக்கையாளரிடம் நிற்பவற்றுக்கு மட்டும் அவரவருக்குத் தக்கபடி நினைவூட்டல் செய்தி எழுதித் தரச் சொல்வேன். இதில் உதவியாளரின் தமிழ் அரசாங்கச் சுற்றறிக்கை போல வருவதால், ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கு அதை அப்படியே அனுப்ப முடியாது. அந்த இரண்டு வரியை நானே எழுதிவிடுகிறேன்.

பழைய பேச்சைத் தோண்டி எடுப்பதில்தான் அது உண்மையாகவே உழைக்கிறது. கடைப் பெயரோடு "கோவையின் சிறந்த பட்டுச் சேலை" என்று சேர்த்துவிடச் சொல்லி அண்ணாச்சி அவ்வப்போது கேட்பார். வெளியே போர்டில் உள்ள உண்மையான பெயரைத் தவிர வேறெதையும் பெயரில் சேர்க்கக் கூடாது என்பது கூகுளின் விதி. மீறினால் ப்ரொஃபைல் சஸ்பெண்ட் ஆகலாம், பிறகு ஆவணங்களோடு முறையீடு செய்து மீட்க வேண்டும். முன்பு எந்தத் தேதியில் கேட்டார், என்ன காரணம் சொன்னேன், அதற்குப் பதிலாக ப்ரொஃபைலில் எந்தக் கேட்டகிரியை (தொழில்வகையை) மாற்றினோம் என்பதை நொடியில் எடுத்துப் பேச முடிகிறது. அவரும் "அட, ஆமாங்க தம்பி, மறந்துட்டேன்" என்று விட்டுவிடுகிறார்.

ஆனால் ஃபைலில் இல்லாததைக் கேட்டால் நிலைமை வேறு. பம்ப் கடை இப்போது தேடலில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று கேட்டால், தயங்காமல் ஒரு எண்ணைச் சொல்லக்கூடிய சாதனம் இது. தேடலுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடையின் பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுளே சொல்கிறது. தூரம் அதில் இருப்பதால் பீளமேட்டில் நின்று தேடுகிறவருக்கும் காந்திபுரத்தில் நின்று தேடுகிறவருக்கும் ஒரே வரிசை வராது. ஆகவே இடம் பற்றிய எண்கள் அதற்கென உள்ள கருவியிலிருந்து எடுத்து நான் ஒட்டினால் மட்டுமே வர வேண்டும், ஃபைலில் இல்லையென்றால் இல்லை என்றே சொல்ல வேண்டும் என்பது நிரந்தரக் கட்டளை.

மாத ரிப்போர்ட்டிலும் இதே சிக்கல் வேறு வேடத்தில் வருகிறது. அழைப்புகள், வழி கேட்டவை, வலைத்தளக் கிளிக்குகள் ஆகிய எண்களைக் கொடுத்தால், ப்ரொஃபைலில் நாம் போட்ட போஸ்ட்களால்தான் அழைப்புகள் கூடின என்று அழகாக எழுதிவிடும். கல்யாண மண்டபத்துக்கு ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கு விசாரிக்கிறவர்கள் ஆடியிலேயே கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஏற்றத்துக்கு நான் பெருமை கொள்வது நியாயம் அல்ல, மார்கழியில் குறைந்தால் பழி ஏற்பதும் நியாயம் அல்ல. எனவே போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டு எண்களை மட்டும் எழுது, காரணத்தை நான் எழுதுகிறேன் என்று பிரித்துவிட்டேன். ப்ரொஃபைலில் பழைய எண்கள் நெடுநாள் தங்குவதில்லை என்பதால், மாதம் பிறந்ததும் அவற்றை இறக்கி ஃபைலில் சேர்ப்பதும் என் பொறுப்பு.

ரகசியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயாளியின் பெயரோ ரிவ்யூ எழுதியவரின் எண்ணோ உதவியாளரிடம் போவதில்லை; 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும், ஒரு மருத்துவருக்கு வேலை செய்கிறவனுக்கு அது அடிப்படை ஒழுங்கு. பாஸ்வேர்ட் எவரிடமும் வாங்குவதில்லை; உரிமையாளர் ப்ரொஃபைலில் என்னை மேனேஜராகச் சேர்த்தால் போதும். ஃபைல்களில் கடைகளுக்குப் பெயர் இல்லாமல் குறியீடு மட்டும் இருக்கிறது.

அண்மையில் ஒரு பிசியோதெரபி மையம் தன் உறவினரின் நிறுவனத்துக்கு வேலையை மாற்றிக்கொண்டது. அவர்களுடைய ஃபைலை முழுவதுமாக அச்சடித்துக் கொடுத்து, மேனேஜர் பட்டியலிலிருந்து என்னை அன்றே நீக்கிவிடச் சொன்னேன். கூகுளிடம் நின்றிருந்த ஒரு திருத்தத்தைப் புதியவர்கள் எங்கே தொடர வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. அந்தக் குறியீட்டை மட்டும் வேறு எந்தக் கடைக்கும் கொடுப்பதில்லை; கொடுத்தால் பழைய மையத்தின் நேரத்தை உதவியாளர் புதுக்கடையின் பதிலில் கலந்துவிடும்.