மடக்கை அச்சுகளில் துணையலகு வளைவரைகள்

வரைபட மென்பொருளில் அச்சுகளை மடக்கை அளவுகோலுக்கு மாற்ற ஒரு கட்டளையே போதும். மேட்லேபில் ‘லாக்லாக்’ என்று வரையலாம், பைத்தான் மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் அளவுகோலை ‘லாக்’ என்று குறிக்கலாம். ஆனால் இக்கட்டளைகள் அச்சை மட்டுமே மாற்றுகின்றன. வளைவரையின் ஒவ்வொரு புள்ளியையும் தீர்மானிக்கும் மாறியான துணையலகு எந்த இடைவெளியில் நகர்கிறது என்பதை அவை தொடுவதே இல்லை.

எக்ஸ் = 1/(1+டி²), ஒய் = டி/(1+டி²) என்ற வளைவரையை எடுத்துக்கொள்வோம்; இதில் டி-தான் துணையலகு. டி நேர் எண்ணாக உள்ளவரை இது விட்டம் 1 கொண்ட அரைவட்டம். (தாழ் அதிர்வெண்களைக் கடத்தும் எளிய மின்வடிகட்டியிலும், அதன் சிக்கலெண் துலங்கலில் கற்பனைப் பகுதியின் குறியை மாற்றினால், இதே வடிவம் கிடைக்கும்.) சாதாரண அச்சில், டி 100-ஐத் தாண்டிய புள்ளிகள் எல்லாம் ஆதியில் ஒரே பொட்டாக ஒடுங்கிவிடுகின்றன. மடக்கை அச்சிலோ அப்பகுதி விரிந்து, சாய்வு 1/2 உடைய நேர்கோடாகத் தெரிகிறது. ஏனெனில் அங்கே எக்ஸ் டி-யின் வர்க்கத்துக்கும், ஒய் டி-க்கும் ஏறக்குறைய எதிர்விகிதத்தில் குறைகின்றன. டி சிறுத்துச் செல்லும் முனையில் எக்ஸ் 1-ஐ விட்டு அகலாததால் கோடு செங்குத்தாக இறங்குகிறது. இரு எல்லைகளின் இயல்பும் ஒரே படத்தில் வெளிப்படுவதால்தான் மடக்கை அச்சை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இப்போது டி-யை 0.001 முதல் 1000 வரை, சம இடைவெளியில் 1000 புள்ளிகளாகப் பிரித்தால், முதல் புள்ளி 0.001 என்றும் அடுத்தது ஏறத்தாழ 1.002 என்றும் அமையும். அரைவட்டத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி இவ்விரண்டுக்கும் இடையில் சிக்கி ஒரே நேர்கோடாக இணைக்கப்படும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. டி = 10^எஸ் என்று எழுதி, எஸ்-ஐ −3 முதல் 3 வரை சமமாக நகர்த்துவதே தீர்வு; பைத்தானின் எண்கணிப்பு நூலகமான நம்பையிலும் மேட்லேபிலும் ‘லாக்ஸ்பேஸ்’ இதைச் செய்கிறது.

சுழியத்துக்கும் குறை எண்களுக்கும் மெய்யெண் மடக்கை இல்லை என்பதால், மின்வடிகட்டியின் கற்பனைப் பகுதியில் குறியை மாற்ற மறந்தால், மேட்பிளாட்லிப்பில் அவ்வளைவரை படத்திலேயே இராது. சாய்வைக் கண்ணால் அளக்க வேண்டுமானால், இரு அச்சுகளிலும் ஒவ்வொரு பத்துமடங்குக்கும் ஒரே நீளம் ஒதுக்க வேண்டும். டி-யின் மதிப்புகளை வளைவரையின் மேலேயே 0.01, 0.1, 1, 10 எனக் குறிப்பதையும் நான் வலியுறுத்துவேன்; டி = 1 என்ற குறி ஒய்-யின் உச்சியில் விழாவிட்டால், புள்ளிகளின் இடைவெளியை உடனே சரிபார்க்கலாம்.