இனிஷியலை எங்கே போடுவது?

சேலம் கந்தம்பட்டி பைபாஸ் பக்கம் இரும்பை வெட்டி இணைத்துக் கட்டுமானம் செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் பதினோரு வருடம் ஃபிட்டராக இருந்தேன். ஷெட், மாடிப்படி, கன்வேயர் ஸ்டாண்ட் என்று எந்த டிராயிங் வந்தாலும் வெட்டி, பொருத்தி, நகராமலிருக்க டாக் என்கிற சின்னப் பொட்டு வெல்டு வைத்து வெல்டரிடம் தள்ளிவிடுவது என் வேலை. இடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஐந்து ரோட்டில் சாயங்கால வகுப்புக்குப் போய், கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் ஆட்டோகேட் கற்றுக்கொண்டேன். வீட்டிலிருந்தே ஷாப் டிராயிங், அதாவது பட்டறை பார்த்துச் செய்கிற வரைபடம், போட்டுக் கொடுக்கலாம் என்று வெளிநாட்டு ஃப்ரீலான்ஸ் தளம் ஒன்றில் சேரப் போனேன்.

முதல் முட்டுக்கட்டை என் பெயர். பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கேது குடும்பப் பெயர்? ஆதாரில் இனிஷியல் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் மாரிமுத்து என்று முழுசாக. மூன்றும் மூன்று ஆள் என்று தளம் முடிவு கட்டி இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. பான் கார்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இனிஷியலை ஏற்க மாட்டார்கள். அதனால் பானை அப்படியே விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் அதன்படி மாற்றினேன். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள், பார்த்துச் செய்யுங்கள். அப்புறம் டபிள்யூ-8பென் என்று ஓர் அமெரிக்க வரிப் படிவம். நான் அமெரிக்கன் இல்லை என்று சத்தியம் செய்யும் காகிதம். சேலத்துக்காரனிடம் அதைக் கேட்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

'ஆட்டோகேட் டிராஃப்ட்ஸ்மேன்' என்று போட்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை. அதை அழித்துவிட்டு, பதினோரு வருடம் ஃபிட்டர், வெல்டிங் டார்ச் எந்த மூலைக்குள் நுழையாது என்று தெரியும் என்று எழுதினேன். மறுவாரமே டெக்சாஸில் படிக்கட்டு, கைப்பிடி செய்யும் ஒருவர் அறுபது டாலருக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார்.

அதில்தான் கோட்டை விட்டேன். ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் எங்கெங்கே வைப்பது என்பதற்கு இரண்டு முறை உண்டு. நாம் ஐ.டி.ஐ.யில் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள். பொருளை இடப்பக்கமிருந்து பார்த்தால் தெரிவதை முன்தோற்றத்துக்கு வலப்பக்கம் வரைவோம். அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். இடப்பக்கம் பார்த்ததை இடப்பக்கமே வரைவார்கள். நான் பழக்கத்தில் வரைந்து அனுப்பிய பிராக்கெட் அவர் கண்ணுக்குக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நின்றது. 'இது வலப்பக்கத்துப் பிராக்கெட் இல்லையா?' என்று கேட்டார். நல்லவேளை, தகடு வெட்டவில்லை. இது புரியவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. டிராயிங்கின் விவரம் எழுதும் டைட்டில் பிளாக் கட்டத்தின் மூலையில் வெட்டிய கூம்பும் வட்டங்களுமாக ஒரு சின்னம் இருக்கும். எந்த ஆங்கிள் என்று சொல்வதே அதுதான். பதினோரு வருடமும் அதைப் பார்த்தும் பார்க்காமல் போயிருக்கிறேன்.

ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தினேன். வெல்டிங் குறிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்: அவர்கள் முறையில் அம்போடு சேர்ந்த கிடைக்கோட்டுக்குக் கீழே குறி இருந்தால் அம்பு தொடும் பக்கம் வெல்டு, மேலே இருந்தால் மறுபக்கம். அளவெல்லாம் அடி, அங்குலம், பதினாறில் ஒன்று. முக்கால் அங்குல போல்ட்டுக்கு ஓட்டை அங்குலத்தில் பதினாறில் பதின்மூன்று பங்கு. இப்போதும் ஓரத்தில் மில்லிமீட்டரில் ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

பணத்தில் தளம் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டது, டாலரை மாற்றியதில் இன்னும் கொஞ்சம் போனது. எதற்கு வந்த பணம் என்று வங்கி பர்ப்பஸ் கோடு கேட்டது. பணம் வந்ததற்கான சான்றை ஒவ்வொரு தடவையும் இறக்கி வைக்கச் சொன்னார் ஆடிட்டர். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்றும் சொன்னார். இருபது லட்சமாம்! சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

டெக்சாஸில் காலை எட்டு மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. போன வாரம் அந்த நேரத்தில் அதே ஆள் வேறு யாரோ போட்ட பீம் டிராயிங்கை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அளவெல்லாம் சரி. ஆனால் ஒரு போல்ட் பீமின் வெப்பை, அதாவது நடுவில் செங்குத்தாக நிற்கும் தகட்டை, ஒட்டி நின்றது. 'இதற்கு ஸ்பேனரை எங்கே திருப்புவீர்கள்?' என்று எழுதினேன். அரை மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் மீதி எட்டு டிராயிங்கும் வந்து விழுந்தன.