டிஎக்ஸ் வேகனுக்கு ரைமிங் செயின் மாத்தின கதை

எங்கட பக்கம் பழைய ரொயோட்டா கரோலா டிஎக்ஸ் வேகன் ஐடிலில, அக்சிலரேற்றர் மிதிக்காத நேரம், சீரா நிக்காட்டி எல்லாரும் முதல் கை வைக்கிறது பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேற்றரில தான். ஸ்குரூவைத் திருப்பி, ஜெட்டை ஊதி, கொஞ்ச நாளைக்கு நல்லா நிக்கும், பேந்து பழையபடி. எஞ்சினுக்கு முன்பக்கம் கரகரவெண்டு ஒரு சத்தமும் சேர்ந்து கேட்டா காபரேற்றரைத் தொடாதேங்கோ. கிராங்கால கேம் சாவ்ற்றைச் சுத்துற ரைமிங் செயினையும், ஹெட்டுக்கும் காத்து, புகைக் குழாயளான மனிபோல்ட்டுக்கும் நடுவில இருக்கிற காஸ்கட்டையும் பாருங்கோ, ரெண்டையும் ஒரேயடியாச் செய்து முடியுங்கோ.

எங்கடது 5கே எஞ்சின், 1486 சிசி. கே எஞ்சின் வகை 1966ல முதல் கரோலாவோடயே வந்தது. இரும்பு பிளொக், அலுமினிய ஹெட், வால்வுகளைத் திறக்கிற கேம் சாவ்ற் பிளொக்குக்குள்ளயே இருக்கு, அதால செயின் சின்னன். பெல்ட் மாதிரி இத்தினை கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்து எண்டு ஒரு கணக்கும் இல்லாததால அப்பிடி ஒண்டு உள்ளுக்க இருக்கெண்டே கனபேர் நினைக்கிறேல்லை. ஆனா செயினும் நீளும். இரும்பு இழுபட்டு நீளுறேல்லை, ஒவ்வொரு இணைப்பிலயும் பின்னும் புஷ்ஷும் துளித்துளியாத் தேய்ஞ்சு மொத்தமாச் சேர்ந்து நீளுது. அப்ப கேம் பிந்தும், வால்வு பிந்தித் திறக்கும், பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடுற டிஸ்ரிபியூட்டரும் கேமில இருந்து ஓடுறதால பிளக் அடிக்கிறதும் பிந்தும், பிறகு இழுவை எங்க வரப்போகுது.

கிளிநொச்சியில எங்களுக்கு வேலை பாக்கிற ஐயா 90களில பெற்றோல் தடை இருந்த நேரம் மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின்கள் கழட்டினவர். சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினது இங்க வளந்த ஆக்களுக்குத் தெரியும். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கால இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிப்போடும், அந்த ஒயிலில ஓடித் தேய்ஞ்ச செயின்களைக் கையில தூக்கிப் பாத்தவர் அவர். அதால தான் நான் காபரேற்றர் எண்டு வாயைத் திறக்கவே, "தம்பி, உதை விட்டிட்டு டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழட்டும்" எண்டார்.

அவர் காட்டின சோதனையை எல்லாரும் தெரிஞ்சு வைச்சிருக்க வேணும், ஒரு செலவும் இல்லை. மூடியைக் கழட்டிப்போட்டு கிராங் புல்லி (முன்பக்கச் சில்லு) போல்ட்டில ஸ்பனரைப் போட்டு எஞ்சினை மெதுவா ஒரு பக்கம் திருப்புங்கோ, டிஸ்ரிபியூட்டருக்குள்ள ரோட்டர் அசையும். இப்ப மற்றப் பக்கம் திருப்புங்கோ. நல்ல செயின் எண்டா ரோட்டரும் கிட்டத்தட்ட உடன திரும்பும். எங்கடதில புல்லி பத்துப் பாகைக்குக் கிட்டத் திரும்பியும் ரோட்டர் அசையாமல் அப்பிடியே நிண்டது, அவர் ஒண்டும் சொல்லேல்லை, புல்லியில இருக்கிற கோட்டை விரலால காட்டினார், எனக்கு விளங்கீற்று.

காஸ்கட்டுக்கு, எஞ்சின் ஓடேக்க மனிபோல்ட்டும் ஹெட்டும் சேருற இடத்தில சவர்க்காரத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சுப் பாக்கிறது. காத்து இழுக்கிற இடத்தில தண்ணி பட்டா ஐடில் மாறும். சிலர் பெற்றோல் தெளிச்சுப் பாக்கினம், தயவு செய்து அதைச் செய்யாதேங்கோ. இந்த எஞ்சினில இன்ரேக்கும் எக்ஸோஸ்ற்றும் ஒரே பக்கம், சைலன்சர் பக்கத்துச் சூடு அதிலயே கிடக்கு, நெருப்புப் பிடிச்சா வாகனம் போகும்.

ரெண்டு மனிபோல்ட்டுக்கும் ஹெட்டில ஒரே காஸ்கட் தான். கழட்டிப் பாத்தா ரெண்டாவது சிலிண்டர் பக்கம் கறுத்துக் கருகி, விரலால தொட உதிர்ந்தது. மிச்சத்தைச் சுரண்டேக்க உளி பிடிக்கக்கூடாது, ஹெட் அலுமினியம், ஒரு கீறல் விழுந்தா புதுக் காஸ்கட்டும் அதால காத்து விடும். மரக்கட்டையும் பொறுமையும் போதும். பிறகு நேர்ச்சட்டம் ஒண்டை மனிபோல்ட் முகத்தில வைச்சு இடைவெளி அளக்கிற பீலர் கேஜால பாத்தம். வளைஞ்சிருந்தா லேத்துக்குக் குடுத்து முகம் எடுக்கோணும், எங்கடது தப்பீற்றுது.

சாமான் வாங்கேக்க செயினை மட்டும் கேக்காதேங்கோ. செயினை இறுக்கிப் பிடிக்கிற ரென்சனர், அது ஆடாமல் தாங்குற டாம்பர், ரெண்டு பல்லுச் சில்லு, கவர் காஸ்கட், முன் ஒயில் சீல் எல்லாம் சேர்த்துக் கேளுங்கோ. தேய்ஞ்ச பல்லில புதுச் செயினைப் போட்டா அதுவும் கெதியாத் தேயும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு இந்தப் பழைய கார்களுக்கெல்லாம் விலை ஏறின மாதிரி சாமானும் ஏறினது, இருந்தும் வவுனியாவில தேடினா இன்னும் கிடைக்குது. ரென்சனர் ஒயில் அமத்தத்தில வேலை செய்யிறது, அது சிக்குப்பட்டிருந்தா காலமை ஸ்ராட் பண்ணேக்க சத்தம் கூட வரும்.

றேடியேற்றரையும் ஃபானையும் இறக்கி, முதலாம் பிஸ்டனை மேல கொண்டு வந்து நிப்பாட்டி, கவரைக் கழட்டினம். பழைய செயினைப் பக்கவாட்டில படுக்க வைச்சு ஒரு நுனியில பிடிச்சுத் தூக்க மற்ற நுனி கயிறு மாதிரித் தொங்கிச்சுது. புதுசை அப்பிடியே பிடிக்க நேரா விறைச்சு நிண்டது. ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்த நேரம் இத்தினை நாளும் இதோட ஏ9 வழிய முறிகண்டி தாண்டி மாங்குளம் வரைக்கும் ஓடித்திரிஞ்சிருக்கிறம் எண்டு நினைக்க நெஞ்சு திக்கெண்டது.

பல்லுச் சில்லுகளில இருக்கிற குறிகளைப் பொருத்திச் செயினைப் போட்டாப் பிறகு ஸ்ராட் பண்ண முன்னம் கையால கிராங்கை முழுசா ரெண்டு சுத்துச் சுத்திப் பாக்கோணும். கிராங் ரெண்டு தரம் சுத்தினாத் தான் கேம் ஒரு தரம் சுத்தும், குறிகள் திரும்ப நேரா வந்து நிக்காட்டி எங்கயோ ஒரு பல்லு மாறியிருக்கு. கவருக்குப் புதுச் சீல் போடேக்க சீலின்ர உதட்டில ஒயில் தடவிப் போடுங்கோ, காய்ஞ்சபடி இறக்கினா முதல் ஸ்ராட்டிலயே கிழியும்.

மனிபோல்ட்டை ஹெட்டில பூட்டேக்க நடுவில தொடங்கி ரெண்டு பக்கமும் வெளிய போங்கோ, கொஞ்சம் கொஞ்சமா, ஒரே மூச்சில இறுக்க வேண்டாம். இன்ரேக்கையும் எக்ஸோஸ்ற்றையும் தங்களுக்குள்ள இணைக்கிற போல்ட்டுகளைக் கடைசி வரைக்கும் லூசா விட்டு, ஹெட்டில இறுக்கினாப் பிறகு தான் அதுகளை இறுக்கினம். முந்திப் பூட்டினா ரெண்டும் ஒண்டையொண்டு இழுத்து ஹெட்டில ஒழுங்கா அமராது.

ஸ்ராட் பண்ணி பிளக் அடிக்கிற நேரத்தைப் பாக்கிற ரைமிங் லைற் பிடிச்சு டிஸ்ரிபியூட்டரைத் திரும்பச் சரிப்பண்ண வேணும், செயின் மாத்தினாப் பிறகு பழைய செற்றிங் பொருந்தாது. மனிபோல்ட்டுக்குள்ள காத்து இழுவையை அளக்கிற வக்கியூம் கேஜில முந்தி 14 அங்குலத்தில ஆடின முள்ளு இப்ப 18ல அசையாமல் நிக்குது, காபரேற்றரில ஒரு ஸ்குரூவும் திருப்பேல்லை. எஞ்சின் சூடாகி நல்லா ஆறினாப் பிறகு மனிபோல்ட் நட்டுகளை இன்னொருக்கா இறுக்குங்கோ, புதுக் காஸ்கட் சூட்டில அமருறதால கட்டாயம் இளகும். கவர் கழட்டேக்க றேடியேற்றர்த் தண்ணி கொஞ்சம் கீழ ஒயில் நிக்கிற சம்புக்குள்ள போயிருக்கலாம், அதால ஒயிலையும் பில்டரையும் அண்டைக்கே மாத்திப்போடுங்கோ.