போண்டாவோட ஜிப்பா

போன தீபாவளி அன்னைக்கு காலைல பதினோரு மணி இருக்கும், அண்ணன் பொண்ணு ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி வச்சிருந்த ஜிப்பாவ எடுத்து எங்க நாய் போண்டாவுக்கு மாட்டி விட்டுட்டா. மெரூன் கலர், கழுத்துல ஜரிகை, என் வீட்டுக்காரர் போட்டிருந்ததும் கிட்டத்தட்ட அதே கலர்தான், ரெண்டு பேரையும் சேத்து நிக்க வச்சு போட்டோ எடுக்கணுமாம். கீழ வாய்ட் டெக்குக்கு, அதான் புளோக்குக்கு அடியில இருக்கற திறந்த தளத்துக்கு, கூட்டிட்டு போயி பத்து நிமிஷம் கூட ஆகல, நாக்கு முழுசா வெளிய தொங்கிடுச்சு, மூச்சு கர்ர் கர்ர்னு இழுக்குது, நாக்கோட ஓரம் லேசா நீலம் பூத்த மாதிரி இருக்கு. பக்கத்து புளோக் பாட்டி ஒருத்தவங்க "அட, சிரிக்குது பாரு"ன்னாங்க. நான் ஜிப்பாவ கிழிக்காத குறையா கழட்டி, வயித்துலயும் பாதத்துலயும் தண்ணிய ஊத்தி, தூக்கிட்டு மேல ஓடி, ஏர்கான் முன்னாடி படுக்க வச்சேன்.

அம்மா ஒண்ணுதான் கேட்டாங்க. "அதுக்குத்தான் சாமி ஏற்கனவே ஒரு சட்டை போட்டு அனுப்பியிருக்கே, மேல ஒண்ணு எதுக்குடி?"

ஆனா எனக்கு ஜிப்பா மேல அவ்வளவு கோவம் இல்ல. ஜிப்பாவ கழட்டிடலாம், ரெண்டு நிமிஷ வேலை. போண்டாவோட மூஞ்சிய எப்படி கழட்டுறது?

போண்டா ஒரு பக், அதான் மூஞ்சி தட்டையா இருக்கற குட்டை நாய் இனம். கடைல கண்ணாடி பெட்டிக்குள்ள இருந்தவன ரெண்டாயிரத்து ஐநூறு சிங்கப்பூர் வெள்ளி குடுத்து வாங்கினோம். அவனோட அம்மா எங்க இருக்கு, எப்படி இருக்கு, எத்தனை தடவ குட்டி போட்டுச்சுன்னு நான் ஒரு கேள்வி கேக்கல, கேட்டதெல்லாம் தவணைல கட்டலாமான்னுதான். வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து குறட்டை, பெரிய மனுஷன் மாதிரி, எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. அப்பறம் ஒரு பழக்கம், தூங்கும்போது வாயில ஒரு சின்ன பச்சை பந்த கவ்விக்கிட்டேதான் தூங்குவான். குழந்தை சூப்பி வச்சு தூங்கற மாதிரி இருக்கும், நானே எத்தனை வீடியோ எடுத்து போட்டிருக்கேன்.

தீபாவளி முடிஞ்சு டாக்டர்கிட்ட போனப்ப இந்த வீடியோவத்தான் ஆசையா காட்டினேன். அவங்க சிரிக்கல. மூக்கு வழியா காத்து பத்தல, பந்து இருந்தா வாய் மூடாது, அதான் கவ்விக்கிறான்னாங்க. எனக்கு கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு, நாலு வருஷமா லைக் வாங்கினது இதுக்கா.

நாய்க்கு வேர்க்கறது பாதத்துல கொஞ்சம்தான், மத்தபடி நாக்க தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட இறக்கணும். பக்குக்கு மூஞ்சி அழகா இருக்கணும்னு மனுஷங்க தலைமுறை தலைமுறையா எலும்ப சுருக்கிட்டாங்க, உள்ள இருக்கற சதை அந்த அளவுக்கு சுருங்கல. அஞ்சு ரூம் வீட்டு சாமான ஒரே ரூம்ல அடைச்ச மாதிரி மேலண்ணம் தொண்டைக்குள்ள தொங்குது, மூக்கு ஓட்டை கோடு மாதிரி இருக்கு. சிங்கப்பூர் வெயிலும் புழுக்கமும் வேற. வில்லியம் ஹோகார்த்னு ஒரு ஓவியர் 1745ல தன்னையும் தன்னோட பக்கையும் வரைஞ்ச படம் இருக்கு, தேடி பாருங்க, அந்த நாய்க்கு ஒழுங்கா ஒரு மூக்கு இருக்கு!

நெதர்லாந்துல மூக்கு இவ்வளவு நீளமாவது இருந்தாத்தான் குட்டி போட விடலாம்னு அளவே வச்சிருக்காங்க. நார்வேல கவாலியர்ங்கற சின்ன நாய் இனத்த குட்டி போட சேக்கறது சட்டப்படி தப்புன்னு 2023ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு, மூளைக்கு மண்டைல இடம் பத்தாத பிரச்சனை அந்த இனத்துல அவ்வளவு அதிகம். வெள்ளைக்காரன் மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க, நம்ம ராஜபாளையத்தயும் பால் மாதிரி வெள்ளையா வேணும்னு சேத்து சேத்து, பிறவியிலயே காது கேக்காத குட்டிங்க அதுல நிறைய பிறக்குது.

இங்க சிங்கப்பூர்ல வீவக வீட்டுல, அதான் அரசாங்க அடுக்குமாடி வீட்டுல, வளக்கலாம்னு இருக்கற 62 இனப் பட்டியல்ல பக்கும் இருக்கு, கவாலியரும் இருக்கு. ரோட்டுல பிறந்து வெயில்ல திரிஞ்சு நல்லா மூச்சு விடற லோக்கல் நாய்க்கு 2012ல அடோர்ங்கற தத்தெடுப்பு திட்டம் வந்தப்பறம்தான் கதவு திறந்துச்சு, அதுக்கும் தோள் உயரம் 55 சென்டிமீட்டர தாண்டக்கூடாது, பயிற்சி வகுப்புக்கும் போகணும். எங்க போண்டாவ யாரும் வகுப்புக்கு அனுப்ப சொல்லல, அவன்தான் ஒரு குஷன் விடாம கடிச்சான்.

அம்மா செம்பவாங் கம்பத்துல, அதான் அந்தக் கால கிராமத்துல, வளந்தவங்க, அப்பல்லாம் நாய் சுதந்திரமா இருந்துச்சும்பாங்க. இருந்துச்சு, சரி, ஆனா அதே நாய் வண்டில அடிபட்டு மூணு நாள் வாசல்ல முனகிட்டே செத்துச்சுன்னும் அவங்கதான் சொல்லியிருக்காங்க, டாக்டர்கிட்டன்னு யாருக்கும் தோணவே இல்லயாம். அதனால அந்தக் காலம் சொர்க்கம்னு நான் ஒத்துக்க மாட்டேன். தள்ளுவண்டில நாய வச்சு போறவங்கள பாத்தும் இப்ப சிரிக்கறதில்ல, வயசான நாய்க்கும் மத்தியான தார் ரோட்டுக்கும் அது நல்லதுதான்.

மூக்கையும் அண்ணத்தையும் சரி பண்ணி ஆப்பரேஷன் பண்ணியாச்சு, வாங்கின விலைக்கு மேலயே செலவு. குறட்டை இன்னும் இருக்கு, பந்து மட்டும் சோபாவுக்கு அடியில உருண்டு போயி தூசி படிஞ்சு கெடக்கு, அவன் தேடறதில்ல.

போன வாரம் ஆபீஸ்ல ஒரு தோழி, போண்டா மாதிரியே ஒண்ணு வேணும், எந்த கடை, நம்பர் குடுன்னு கேட்டா. நான் நம்பர் குடுக்கல, அந்த பந்து வீடியோவ அனுப்பி, டாக்டர் சொன்னத கீழ நீளமா டைப் பண்ணி அனுப்பினேன்.

ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு, மூணு ஹார்ட் போட்டு, "ஐயோ, சோ கியூட்!"