படத்தோடு ஒரு வரி

ஜனவரி 17, 2025, வெள்ளி

காணும் பொங்கலுக்கு மறுநாள். முதுநிலை மாணவர்கள் இருவர் கடலூர்ப் பக்கத்துக் கண் மையத்தில் இருக்கிறார்கள், நான் புதுச்சேரியில். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவியான ஸ்லிட் லேம்ப்பில் பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்து பார்ப்பதற்கென்று ஒரு துணைக்குழாய் உண்டு. அதன் வழியாகத்தான் நான் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது கைப்பேசியை அந்தக் கருவியின் கண்வில்லையில் பொருத்தும் பிடிமானம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, அந்தக் குழாயைக் கடலூர் வரை நீட்டியிருக்கிறேன்.

முதல் நாளே 11 படங்கள் வந்தன. பாதிக்கு மேல் இமை மயிரும் வெளிச்சச் சிதறலும். ஒன்றில் உதவியாளரின் கட்டைவிரல் மிகத் துல்லியமாக விழுந்திருந்தது.

ஒரு நிபந்தனை வைத்தேன்: படம் மட்டும் வந்தால் பதில் கிடையாது. என்ன பார்த்தாய், என்ன நினைக்கிறாய் என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். “தெரிந்தால் எழுதமாட்டேனா, மேடம்?” என்றான் பையன். தெரியவில்லை என்றே எழுது என்றேன்.

ஜனவரி 18, சனி

பண்ருட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்குத் தப்பிய வயலில் அறுவடை. கண்ணில் ஏதோ விழுந்திருக்கிறது. பையன் எழுதிய வரி: “கண் சிவப்பு. கருவிழியில் சிராய்ப்பு.”

சிராய்ப்பைக் காட்டும் ஃபுளோரசின் சாயத் தாளைக் கண்ணில் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் எடுக்கச் சொன்னேன். இரண்டாவது படத்தில் கருவிழியின் மேல்பாதியில் நான்கைந்து பச்சைக் கோடுகள், சீப்பால் வாரியதுபோல். “எல்லாம் ஏன் நெட்டுக்குத்தாக இருக்கின்றன?” என்று மட்டும் கேட்டேன்.

ஒரு நிமிடம் பதில் இல்லை. பிறகு, “இமையைப் புரட்டுகிறேன், மேடம்.”

அடுத்து வந்தது ஒரு காணொளி. பஞ்சுக் குச்சியில் மடிந்த மேல் இமை. அதன் சிவந்த உட்புறத்தில் ஓர் உமித் துணுக்கு, நகம் வெட்டினால் தெறிக்குமே, அதில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கருவிழியை மேலும் கீழுமாகக் கீறிக்கொண்டிருந்திருக்கிறது. “இத்தனூண்டா என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை?” என்று அந்த அம்மா அதைக் கையில் கேட்டு வாங்கிப் பார்த்தாராம்.

இமையைப் புரட்டு என்று நானே சொல்லியிருந்தாலும் உமி வந்திருக்கும். ஆனால் பையனுக்கு இந்தக் கோடுகள் நினைவில் நின்றிருக்காது.

ஜனவரி 20, திங்கள்

இன்று விழித்திரை. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு அரைமணி நேரம் காத்திருந்து, 20 டயாப்டர் வில்லையை ஒரு கையிலும் கைப்பேசியை மறு கையிலும் பிடிக்க வேண்டும். படம் தலைகீழாகத் தெரியும். காணொளியாக எடுத்து நல்ல காட்சியைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னேன். இருவருக்கும் கை நடுங்குகிறது. எனக்கும் ஒரு காலத்தில் நடுங்கியதுதான்.

ஜனவரி 22, புதன்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மதியம் பாகூரில் ஒரு வளைகாப்புக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். தவளக்குப்பம் நெருங்கும்போது மாணவியிடமிருந்து படம் வந்தது. பெரியவர் ஒருவர், நெற்சுணை பட்டுப் பத்து நாளாகிறது, கருவிழியில் வெள்ளைப் புண். வரி: “ஓரம் பஞ்சு பிரிந்ததுபோல் இருக்கிறது. பூஞ்சையாக இருக்குமோ?” ஜன்னல் வெயிலில் திரையைக் கையால் மறைத்துப் பார்த்தேன். ஓரம் எனக்குத் தெளிவாக வெட்டியதுபோல் தெரிந்தது. பாக்டீரியாதான், அதற்கான சொட்டு மருந்தைத் தொடங்கு என்று சொல்லிவிட்டேன்.

இரவு கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பேசி தானாகவே படத்தை மழமழவென்று ஆக்கியிருந்தது. பிரிந்த இழைகளை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டது போலும். அவள் இரு கண்ணாலும் ஆழத்தோடு பார்த்ததை, நான் உள்ளங்கையளவு கண்ணாடியில் பார்த்து மறுத்திருக்கிறேன்.

உடனே அழைத்தேன். “நீங்கள் சொன்ன மருந்தைக் கொடுத்தேன், மேடம். ஆனால் அதற்கு முன்பே புண்ணைச் சுரண்டி மாதிரி எடுத்துவிட்டேன்,” என்றாள் தயங்கித் தயங்கி. நுண்ணோக்கியில் கைப்பேசியை வைத்து அதையும் படமெடுத்திருந்தாள். மூங்கில்போல் கணுக்கணுவாகக் கிளைத்த இழைகள். பூஞ்சையேதான். என்னிடம் சொல்லப் பயந்து மாலை முழுவதும் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுதான் எனக்கு உறைத்தது.

ஜனவரி 23, வியாழன்

பெரியவரை இங்கே வரவழைத்து நானே ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தேன். அவள் எழுதியது எழுத்துக்கு எழுத்துச் சரி. பூஞ்சைக்கான நேட்டமைசின் சொட்டு மருந்து 5 சதவீதம், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை. விலை கூடின வோரிகோனசோலைவிட இதுவே மேல், அதிலும் ஃபியூசேரியம் வகைப் பூஞ்சைக்கு என்று நம் அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. நல்லவேளை, பூஞ்சையை மோசமாக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து எதையும் இவர் கடையில் வாங்கி விட்டுக்கொள்ளவில்லை.

மாணவர்களிடம் சொல்லிவிட்டேன்: விளக்கின் முன்னால் இருப்பவர் சொல்வதும் நான் சொல்வதும் முரண்பட்டால், என் சொல் செல்லாது, நோயாளி நேரில் வரட்டும்.

ஜனவரி 24, வெள்ளி

பேத்தி என் கைப்பேசியில் பொங்கல் படங்களைத் தேடப்போய், “இது யார் கண், பாட்டி?” என்று ஓடிவந்தாள். நோயாளியின் முகம் தெரியக்கூடாது, பெயர் கூடாது என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவள் நான். வேலைக்கென்று தனிக் கைப்பேசி வாங்கியாயிற்று.

ஜனவரி 29, புதன்

கடலூரிலிருந்து பெரியவரின் படம். வரி: “ஓரம் சற்று மழுங்கியிருக்கிறது. கண்ணுக்குள் சீழ் மட்டம் ஏறவில்லை. மருந்தைத் தொடரலாம் என்று நினைக்கிறேன்.”

அதன் கீழே இன்னொரு வரி: “பஸ்ஸில் இருந்தால் திறக்காதீர்கள், மேடம்.”